வழிகாட்டியின் பெயர்

அத்தியாயம் 14

போன வாரம் ரபீக்காவைக் குசினி யன்னலடியில், துருவின தேங்காய்க் கிண்ணத்துடன் நிற்க வைத்துவிட்டு நம் பாட்டுக்குப் போய்விட்டோம். அவள் ஏழு நாளாக அங்கேயேதான் நிற்கிறாள் என்று சொன்னாலும் பொய்யில்லை. சமைத்தாள், தொழுதாள், பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவோடு மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று ஊர்க்கதை எல்லாம் கதைத்தாள். மனம் மட்டும் அந்த யன்னலை விட்டு அசையவில்லை. வெளியே மதிலோரம் நின்று மகள் ரிஸ்லா போனில் மெதுவாகச் சொன்ன ஒரு வசனம் அவள் காதுக்குள் குடியேறிவிட்டது.

"ஓம் சேர். வாப்பாவுக்கு இன்னும் ஒண்டும் தெரியாது."

வாப்பாவுக்குத் தெரியாத விஷயம் என்ன என்பது ஒரு பக்கம். அதைவிட ரபீக்காவுக்கு இடித்தது, ஆம்பிளையைக் கூப்பிடும் அந்தச் சேர்தான்.

ரிஸ்லா பல்கலைக்கழக வளாகத்தில் மூன்றாம் வருடம், வணிக முகாமைத்துவம் படிக்கிறாள். இந்த வருடம் அங்கே வழிகாட்டல் திட்டம் என்று ஒன்று தொடங்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு துணை. ஒருவர் மேல் வருடத்தில் படிப்பவர், மற்றவர் வெளியே உத்தியோகம் பார்ப்பவர். என்ன படித்தால் எங்கே வேலை கிடைக்கும், நேர்முகப் பரீட்சையில் என்ன கேட்பார்கள், கேட்டால் எப்படி நடுங்காமல் பதில் சொல்வது என்பதையெல்லாம் இவர்கள் வாரத்துக்கு ஒரு தடவை கதைத்துச் சொல்லிக் கொடுப்பார்களாம். மேல் வருடத்தில் ரிஸ்லாவுக்குக் கிடைத்தவள் உப்புவெளிப் பிள்ளை லக்சனா. வீட்டுக்கு வந்து வட்டிலாப்பம் இரண்டு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுப் போனவள். அவளில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

உத்தியோகம் பார்ப்பவர் யார் என்று கேட்டபோதோ, "ஒரு மிஸ், உம்மா. துறைமுகப் பக்கம் வேலை" என்று ரிஸ்லா சொல்லியிருந்தாள். அந்த மிஸ் எந்த நாளில் சேராக மாறினார்?

சந்தேகம் வந்துவிட்டால் ரபீக்காவுக்கு வீட்டில் உள்ள சாமான் எல்லாம் சாட்சி சொல்லத் தொடங்கிவிடும். மகளின் போன் இப்போது முகம் குப்புறத்தான் படுக்கிறது. செவ்வாய்க்கிழமை அசர் தொழுகை முடிந்தால் அந்தப் பிள்ளைக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டுகிறது, மதிலடிக்குப் போய்விடுகிறாள். புதிதாக எழுதுகிற கொப்பி ஒன்று வேறு. இருபத்திரண்டு வயதுப் பெண் பிள்ளைக்கு இப்படியெல்லாம் வந்தால் அதற்குப் பெயர் ஒன்றுதான் என்று ரபீக்கா முடிவு கட்டியிருந்தாள்.

புருசனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஸைனுலாப்தீன் ஒன்று சிரித்துவிட்டுப் போவார், அல்லது கடையைப் பூட்டிவிட்டு வளாகத்து வாசலில் போய் நிற்பார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு ஒன்றும் வராது.

இன்றைக்குப் புதன்கிழமை. ஸைனுலாப்தீன் ஏழு மணிக்கே கடைக்குப் போய்விட்டார். ரிஸ்லா குளிக்கப் போனாள். அவளுடைய ஃபைல் முன்னறைக் கதிரையில் கிடந்தது. பைப்பில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் ரபீக்கா கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஃபைலைத் திறந்தாள். செய்வது பிழை என்று தெரியும். பிழை என்று தெரிந்தபடியால்தான் அவ்வளவு வேகமாகத் திறந்தாள்.

மேலே இருந்தது ஒரு படிவம். முழுக்க ஆங்கிலம். ரபீக்கா எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மகளின் பெயர், அடையாள அட்டை இலக்கம், துறைமுகத்துக்குள் போவதற்கான அனுமதி, தகப்பன் கையெழுத்து வைக்க ஒரு கோடு. தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றால் இது காதல் கடிதமாக இருக்க முடியாது என்று அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. பிறகு வழிகாட்டியின் பெயர் என்ற இடத்துக்கு விரலைக் கொண்டு போனாள்.

எஸ். குணரத்தினம்.

ரபீக்கா கதிரையில் இருந்துவிட்டாள். காதலாகவே இருந்திருக்கக் கூடாதா என்று அந்த நேரம் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது.

இந்தப் பெயர் அந்த வீட்டில் என்ன பாடுபடுத்தியது என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வருடத்துக்கு முன் ஸைனுலாப்தீன் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் கம்பனியில் வேலை செய்தார். வந்து சேரும் கப்பலைக் கயிறு போட்டுக் கரையில் கட்டும் ஐந்து பேருக்கு அவர்தான் தலைவர். ஒரு நாள் கட்டின கயிறு அறுந்து அடித்ததில் ஜெமீல் என்ற கூட்டாளிக்கு முழங்காலுக்குக் கீழே கால் போனது. கயிறு பழுது என்று தெரிந்தும் தலைவர் பாவித்தார் என்று விசாரணையில் எழுதினார்கள். வேலை போனது.

ஸைனுலாப்தீன் சொன்னது வேறு. கயிறு நைந்து போய்விட்டது, மாற்றித் தாருங்கள் என்று இரண்டு நாளைக்கு முன்பே மேலதிகாரியிடம் கடிதம் கொடுத்தேன், கொடுத்ததற்கு என்னிடம் கையெழுத்தும் வாங்கினார்கள் என்றார். அந்த மேலதிகாரி, அப்படி ஒரு கடிதம் தனக்குக் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அவர் பெயர்தான் குணரத்தினம். இன்றைக்கு அதே கம்பனியில் முகாமையாளர்.

அந்தக் கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல எழுதியது ரபீக்கா. எழுதியதை அவள் அறிவாள். கொண்டுபோய்க் கொடுத்ததை அறிய மாட்டாள். அவர் சொல்லித்தான் தெரியும். ஒரு நாளும் அவரைத் துருவிக் கேட்டதில்லை. கேட்டால் நம்பவில்லை என்று ஆகிவிடும் அல்லவா?

பைப்புச் சத்தம் நின்றது. ரபீக்கா ஃபைலை மூடி வைத்தாள். அவசரத்தில் தலைகீழாக வைத்துவிட்டாள். ஈரத் தலையுடன் வந்த ரிஸ்லா அதைப் பார்த்தாள், உம்மாவைப் பார்த்தாள், நேராக்கி வைத்தாள். நாளைக்கு வழிகாட்டியின் கம்பனிக்குள் கூட்டிப்போய்க் காட்டப் போகிறார்கள், படிவத்தில் வாப்பா கையெழுத்து வைக்க வேண்டும், மத்தியானம் கடைக்குப் போகிறேன் என்றாள்.

"மிஸ்ஸுட பேரென்ன மகள்?" என்று ரபீக்கா கேட்டாள்.

"ஜெஸீமா மிஸ்."

கண் இமைக்கவில்லை. பெற்ற பிள்ளை இவ்வளவு சுத்தமாகப் பொய் சொல்வாள் என்பது அன்றைக்குத்தான் ரபீக்காவுக்குத் தெரிந்தது. கோபத்தைவிட அவளுக்குப் பயம்தான் வந்தது.

*

ஸைனுலாப்தீனின் கடை உள்துறைமுக வீதியில் இருக்கிறது. வள்ளக்காரருக்கு வேண்டிய சாமான் எல்லாம் உண்டு. எஞ்சின் ஒயில், மிதவை, தூண்டில் முள், நைலோன் நூல். கயிறும் உண்டு. ஆனால் கயிறு வாங்க வருபவருக்குப் பொறுமை வேண்டும். எத்தனை பாக நீளம் கேட்டாலும் அவர் முழுக் கயிற்றையும் விரலுக்குள் விட்டு இழுத்துப் பார்த்துத்தான் வெட்டிக் கொடுப்பார். அது புதுக் கயிறு, கம்பனி உறை பிரிக்காதது என்று சொன்னாலும் கேட்க மாட்டார்.

பன்னிரண்டரைக்கு ரபீக்கா சோற்றுப் பெட்டியுடன் வந்து இறங்கியபோது கடை வாசலில், ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்று நின்று மட்டைப் பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது. அவர் அதை விரட்டவில்லை. மனைவியைப் பார்த்துத்தான் திடுக்கிட்டார். மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வருபவருக்குக் கடையிலேயே சோறு வந்தால், வீட்டில் ஏதோ நடந்திருக்க வேண்டும் என்று நினைப்பது நியாயம்தானே. சும்மாதான் வந்தனான் என்றாள் ரபீக்கா. கலியாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவள் சும்மா கடைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

சோறு பாதியில் ரிஸ்லாவும் வந்தாள். உம்மாவைக் கண்டதும் ஒரு கணம் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே வந்து படிவத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

ஸைனுலாப்தீன் கை கழுவி, துடைத்து, கண்ணாடியைப் போட்டார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளிலும் அதை முழுக்க வாசிக்கக் கேட்காமல் கையெழுத்து வைக்க மாட்டார். மின்சார சபைக்காரர் சின்னத் துண்டு நீட்டினாலும் அப்படித்தான். வேலை போன நாளில் ஒரு தாளை நீட்டினார்களாம், சிங்களத்தில் இருந்ததாம். சிங்களம் அவர் நன்றாகப் பேசுவார், வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கப்பட்டு ஒப்பமிட்டுவிட்டார். தன் பிழையை ஒப்புக்கொள்வதாக அதில் எழுதியிருந்தது என்று பிறகுதான் தெரியும். அதற்குப் பிறகு வந்த பழக்கம் இது. வாசித்துக் காட்டும் வேலை ரிஸ்லாவுக்கு. பத்து வயதிலிருந்து அவள்தான் செய்கிறாள். அவள் வாசித்தால் அவருக்கு மறுபேச்சில்லை.

"வாசி மகள்" என்றார்.

ரிஸ்லா வாசித்தாள். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். இன்ன வளாகம், இன்ன திட்டம், இன்ன பிள்ளை, இன்ன திகதி. துறைமுகத்துக்குள் தலைக்கவசம் போட வேண்டும். அலுவலர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். ரபீக்கா சோற்றுப் பெட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே காத்திருந்தாள். இப்போது வரும். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும்.

"...பிறகு, வழிகாட்டி கூட வருவார் எண்டு போட்டிருக்கு. அதுக்குக் கீழ, தகப்பனுக்குச் சம்மதம் எண்டு—"

"நில்லு" என்றார் ஸைனுலாப்தீன். "ஒரு வரிய விட்டுட்டாய்."

"இல்ல வாப்பா."

அவர் விரலைக் கொண்டு வந்து சரியாக அந்தப் பெயரின் மேல் வைத்தார்.

"இங்கிலீஸ் எனக்கு வாசிக்க ஏலாதுதான். ஆனா இந்தப் பேரு எந்தப் பாஷையில இருந்தாலும் எனக்குத் தெரியும். என்னய வேலையால நிப்பாட்டின கடுதாசிக்குக் கீழ இதுதான் இருந்தது. எத்தின தரம் பாத்திருப்பன்."

விரல் அந்தப் பெயரிலேயே இருந்தது. அவர் சத்தம் போடுவார் என்று ரபீக்கா பயந்தாள். போடவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை நாளாக? மூன்று மாதமாக. வாராவாரமா? ஓம். வீட்டைப் பற்றி ஏதும் கேட்பவரா? வாப்பாவுக்குச் சொல்லிவிட்டாயா என்று ஒவ்வொரு செவ்வாயும் கேட்பார். அதைக் கேட்டதும் ஸைனுலாப்தீன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஒரே சந்தேகம் வந்தது. கலியாணமாகி இத்தனை வருடமானால் அதெல்லாம் பேசாமலே நடக்கும்.

"நானூறு பிள்ளையள் படிக்கிற இடத்தில என்ட பிள்ளதானா அவன்ட கண்ணில பட்டது?" என்றார். "வாப்பாட பேரும் அவள்ட பேரோட சேந்துதானே இருக்கு. பாத்துத்தான் புடிச்சிருக்கான்."

ஏன் பிடித்தான் என்பதற்கு அவரிடம் இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, மகளுக்கும் ஒரு குற்றம் கட்டி அனுப்பக் காத்திருக்கிறான். அல்லது, நான்தான் ஸைனுலாப்தீனின் மகளைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன் என்று ஊருக்குக் காட்டிப் பழைய கணக்கை மூடப் பார்க்கிறான். ரபீக்காவிடம் மூன்றாவதாகவும் ஒன்று இருந்தது. அந்த ஆள் எதையோ அறியப் பார்க்கிறான், இந்தப் பிள்ளையை வைத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறான்.

ரிஸ்லா இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். சேர் நல்லவர் என்று சொல்லவில்லை. கெட்டவர் என்றும் சொல்லவில்லை. ரபீக்கா அதைக் கவனித்தாள். மூன்று மாதம் ஒருவரிடம் படித்த பிள்ளைக்கு அவரைப் பற்றிச் சொல்ல ஒரு நல்ல வார்த்தைகூடவா இருக்காது?

"எனக்கு அந்த இடம் வேணும் வாப்பா" என்று மட்டும் சொன்னாள். நாளைக்குப் போய்ப் பார்ப்பவர்களுக்குத்தான் அந்தக் கம்பனியில் ஆறு மாதப் பயிற்சி. இரண்டு மணிக்கு முன்னர் படிவம் போய்ச் சேராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். பயிற்சி இல்லாமல் பட்டம் இல்லை. மற்ற இடம் எல்லாம் கொழும்பில். கொழும்புக்கு அனுப்ப மாட்டோம் என்று இந்த இரண்டு பேரும்தான் போன மாதம் சொன்னார்கள்.

ஸைனுலாப்தீன் எழும்பினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். கடைக் கதவை இழுத்தார்.

"ஆர் ஆரத் தெரிஞ்செடுத்தது எண்டு கேட்டுட்டுத்தான் கையெழுத்து" என்றார்.

மான் பயந்து வீதியைக் கடந்து ஓடியது.

*

வழிகாட்டல் திட்டக்காரர் புதன்தோறும் கூடும் மண்டபம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். மூன்று பேரும் ஓட்டோவில் போனார்கள். யாரும் யாரோடும் கதைக்கவில்லை. ஓட்டோக்காரருக்குத்தான் சங்கடமாக இருந்திருக்கும்.

மண்டபத்துக்குள் பிள்ளைகள் வட்டம் வட்டமாகக் கதிரை போட்டுக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வட்டத்திலும் சட்டை மடிப்புக் கலையாத ஓர் உத்தியோகத்தர். வங்கிக்காரர் ஒருவர், தாதி ஒருவர், மரக்கறி ஏற்றுமதி செய்யும் பெண் ஒருவர். சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் இடத்தில் என்ன சூழ்ச்சி நடக்க முடியும் என்று ரபீக்காவுக்கு ஒரு நிமிடம் தோன்றியது. மறு நிமிடம், இருட்டில் செய்பவனைவிட வெளிச்சத்தில் செய்பவன்தான் கெட்டிக்காரன் என்று தன்னையே திருத்திக்கொண்டாள்.

ஸைனுலாப்தீன் ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். அவர் தேடிய முகம் இல்லை.

வாசலடி மேசையில் லக்சனா இருந்தாள். எழும்பி, வாங்கோ அங்கிள், வாங்கோ அன்ரி என்று இரண்டு கதிரை இழுத்துப் போட்டாள். அவர் இருக்கவில்லை. வந்த வேலையை நேரே கேட்டார். எந்தப் பிள்ளைக்கு எந்த ஆள் என்று முடிவு செய்வது யார்? வளாகமா, வருகிற சேர்மாரா?

அவருக்குப் பின்னால் நின்ற ரிஸ்லா தோழியைப் பார்த்துக் கண்ணால் ஏதோ கேட்டாள். லக்சனா குனிந்து ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்ததால் அது அவளுக்குப் போய்ச் சேரவில்லை.

"ரெண்டு பேரும் இல்ல அங்கிள். பிள்ளையள்தான் தெரிவு செய்யிறது. சேர்மாரின்ர பேர் எல்லாம் போட்ட பட்டியல் ஒண்டு குடுப்பம். அதில மூண்டு பேரை எழுதித் தரவேணும். முதலாவது ஏலாட்டி ரெண்டாவது, அதுவும் ஏலாட்டி மூண்டாவது" என்றாள். படிவம் அகப்பட்டது. சிரித்துக்கொண்டே திருப்பிக் காட்டினாள். "உங்கட மகள்தான் எங்களுக்குக் கரைச்சல் தந்தவ. மூண்டு கோட்டிலயும் ஒரே பேரை எழுதித் தந்தவ. மாத்தி எழுதச் சொல்லி ரெண்டு தரம் திருப்பிக் குடுத்தனான். மாத்தவே இல்ல."

மூன்று கோடு. மூன்றிலும் குணரத்தினம். ரிஸ்லாவின் கையெழுத்து. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத தகப்பனுக்கும் அது விளங்கியது.

அந்த ஆள் இவளைப் பிடிக்கவில்லை. இவள்தான் அந்த ஆளைப் பிடித்திருக்கிறாள்.

காலையிலிருந்து ஒரு மனிதனைச் சுற்றிச் சுற்றிச் சந்தேகப்பட்ட ரபீக்காவுக்கு இப்போது சந்தேகத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. மகளைப் பார்த்தாள். ரிஸ்லா வெளியே போய்விட்டிருந்தாள். இருவரும் பின்னால் போனார்கள்.

மண்டபத்துப் பக்கச் சுவரடியில் வாகை மர நிழலில் அவள் நின்றாள். அங்கிருந்து துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் தெரியும்.

"ஏன் மகள்?" என்று கேட்டார் ஸைனுலாப்தீன்.

ரிஸ்லா அழாமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. நாலாம் வகுப்பில் ஜெமீலின் மகள் அவளுக்குப் பக்கத்துக் கதிரை. உங்கட வாப்பாவாலதான் எங்கட வாப்பாவுக்குக் கால் இல்லை என்று அந்தப் பிள்ளை ஒரு நாள் சொன்னாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரிஸ்லா ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. வழிகாட்டிகளின் பட்டியலில் அந்தப் பெயரைக் கண்டபோது கை தானாக எழுதிவிட்டது என்றாள்.

"அவர்ட கம்பனிக் கந்தோருக்குள்ள போனா அந்தக் கடுதாசிய தேடலாம் எண்டு நினைச்சன்."

"தேடி?"

அவள் பாரந்தூக்கிகளைப் பார்த்தாள்.

"கடுதாசி இருக்கு எண்டு காட்டவா தேடின, இருக்கா எண்டு பாக்கவா?" என்றார் ஸைனுலாப்தீன். "நான் சொன்னது பொய்யோ எண்டு உனக்கு இருந்திச்சா மகள்?"

ரிஸ்லா தலையைக் குனிந்தாள். அது போதும். அவர் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். வேலை போன நாளில்கூட ரபீக்கா அவரை இப்படிப் பார்க்கவில்லை. அன்றைக்கு ஊர்தான் நம்பவில்லை. வீட்டில் தாளை வாசிக்கும் பிள்ளை நம்பினாள் என்று இருந்தார்.

ரபீக்கா மகளைத் திட்ட வாயெடுத்தாள். வரவில்லை. எந்த முகத்தோடு திட்டுவது? பதின்மூன்று வருடம் அவளும் கேட்காமல் இருந்தது நம்பிக்கையால் மட்டும்தானா? அவளுக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

ஒன்றே முக்கால் ஆகியிருந்தது. ஸைனுலாப்தீன் கண்ணாடியை எடுத்துப் போட்டார். மேசைக்குத் திரும்பிப் போனார்.

"முதல்ல இருந்து வாசி" என்றார். "பேரையும் சேத்து."

ரிஸ்லா வாசித்தாள். வழிகாட்டியின் பெயர் எஸ். குணரத்தினம் என்று சத்தமாக வாசித்தாள். அவர் பேனையை வாங்கிக் கோட்டின் மேல் ஸைனுலாப்தீன் என்று தமிழில் எழுதினார்.

"போய்ப் பாரு. உள்ள போய் நல்லா தேடிப் பாரு" என்றார். அது சம்மதமா, கோபமா என்று ரபீக்காவுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான் போலும்.

லக்சனா படிவத்துக்கு முத்திரை குத்தினாள். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவளாக மேசை இலாச்சியைத் திறந்து ஒரு மண்ணிறக் கடித உறையை எடுத்தாள்.

"குணரத்தினம் சேர் இண்டைக்கு வரேல்ல. இதைத் தந்து விட்டவர். ரிஸ்லாவின்ர வாப்பா வந்தா மட்டும் அவற்ற கையில குடுக்கச் சொன்னவர். வராட்டி ஆரிட்டயும் குடுக்காமல் திருப்பித் தரட்டாம்."

வருவார் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? வாங்க வேண்டாம் என்று ரபீக்கா சொல்ல நினைத்தாள். அதற்குள் அவர் வாங்கிப் பிரித்துவிட்டார்.

உள்ளே ஒரே ஒரு தாள். பழுப்பேறியது. பள்ளிக்கூடக் கொப்பியில் கிழித்தது, ஓரத்தில் தையல் ஓட்டை தெரிந்தது. ரபீக்கா எட்டிப் பார்த்தாள். அது ரிஸ்லாவின் நாலாம் வகுப்புக் கொப்பி. எழுத்து ரபீக்காவுடைய எழுத்து. மேலே கம்பனியின் வட்ட முத்திரை. முத்திரைக்குள் திகதி. கயிறு அறுந்த நாளுக்கு இரண்டு நாள் முந்திய திகதி.

கடிதம் போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் சொன்னது ஒரு சொல்லும் பொய்யில்லை.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஸைனுலாப்தீன், யாருக்கும் கேட்காத மாதிரி. தாளை மகளிடம் நீட்டினார்.

"வாசி. இந்த முறை ஒரு வரியையும் விடாம வாசி."

ரிஸ்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள். கனம் ஐயா அவர்களுக்கு. எமது கூட்டத்திடம் உள்ள பெரிய கயிறு இரண்டு இடத்தில் நைந்து இழை பிரிந்துள்ளது. இதைப் பாவித்தால் ஆபத்து வரும். புதுக் கயிறு தரும்வரை பெரிய கப்பலுக்கு எம்மை அனுப்ப வேண்டாம் எனத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அவள் வாசிக்க வாசிக்க ஸைனுலாப்தீன் கண்ணை மூடியிருந்தார். அவருடைய உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன. அவ்வளவும் மனப்பாடம்.

கடிதம் முடிந்தது. அதற்குக் கீழே நீல மையில், வேறு ஒருவர் எழுதின சிங்கள வரி இரண்டு இருந்தது. அதற்கும் கீழே தமிழில் ஒரு கையெழுத்து.

ரிஸ்லாவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியும். மனதுக்குள் வாசித்தாள். மறுபடியும் வாசித்தாள். புதுக் கயிறு வரும்வரை இருக்கும் கயிற்றையே பாவிக்கச் சம்மதிக்கிறேன், ஏதும் நடந்தால் பொறுப்பு என்னுடையது என்று எழுதியிருந்தது. கீழே இருந்த கையெழுத்து, சற்று முன்னர் படிவத்தில் அவர் வைத்த அதே கையெழுத்து. ஸைனுலாப்தீன்.

இந்தத் தாளை ஒளித்து வைத்து அந்த மனிதர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டாரா, இல்லை வாப்பாவைப் பொலிஸில் இருந்து காப்பாற்றினாரா? அவளுக்கு விளங்கவில்லை. நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தாள். ரபீக்காவுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. ஆனால் மகளின் முகத்தை வாசிக்கத் தெரியும்.

"ஏன் நிண்டுட்டாய்?" என்றார் ஸைனுலாப்தீன், கண்ணைத் திறக்காமலே. "கீழ சிங்களத்தில ரெண்டு வரி இருக்குமே. கடுதாசி கிடைச்சது எண்டு எழுதித்தானே என்னட்டக் கையெழுத்து வாங்கினவன். அதையும் வாசி மகள். உம்மா கேக்கட்டும்."

பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவர் முகம் மலர்ந்திருந்தது. அவள் வாசிப்பதற்காகக் காத்திருந்தார்.